எதிரொலியை விற்றவளின் பல்

பல் டாக்டருக்கு இசையில் ஆனா ஆவன்னா தெரியாது. அது அவருக்கும் தெரியும், அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கும் தெரியும், எல்லோரையும்விட நன்றாக அவருடைய அக்காவுக்குத் தெரியும். இருந்தும் மேற்கத்திய இசை ரசிகர் சங்கம் நடத்திய போட்டிக்கு அவரை நடுவராகப் போட்டது அந்த அக்காதான்.

அக்கா வானொலி நிலையத்தில் இசைப் பிரிவைக் கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவள். சங்கத்துக்கு அவள்தான் தலைவி. மேடையில் போட்ட ஓபரா என்கிற இசை நாடகங்களைப் படம் பிடித்து அனுப்புங்கள், சிறந்ததற்குப் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். நடுவர்கள் அக்கா, ஜெர்மன் மொழி கற்பிக்கும் ஒரு பேராசிரியர், ஒரு பியானோ ஆசிரியை. கடைசி நேரத்தில் பியானோ ஆசிரியை படிக்கட்டில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கேட்பதற்கு மணிக்கட்டு எதற்கு என்று அக்கா வாதாடிப் பார்த்தாள், பலிக்கவில்லை. உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு பேர்னா சண்டை தீராது. மூணாவதா ஒரு ஆள் வேணும். நீ வா."

"அக்கா, எனக்கு அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதே."

"தெரியாதவன் ஒருத்தன் இருக்கிறது நல்லதுதான். நான் சொல்றப்போ கையைத் தூக்கு, போதும்."

சின்ன வயதிலிருந்தே அவர் கையைத் தூக்கி வந்தவர்தான். அக்கா காட்டிய கல்லூரியில் படித்தார், அக்கா பார்த்த பெண்ணைக் கட்டினார், அக்கா கைகாட்டிய தெருவில் கிளினிக் வைத்தார். எதுவுமே சோடை போகவில்லை. அதுதான் வம்பு. சோடை போயிருந்தால் ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

சங்கத்தின் அறையில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, பிஸ்கட் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தார்கள். வந்திருந்த படங்களில் மற்றதெல்லாம் தேறாது என்று ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றுதான். பழைய ஜெர்மன் காதல் ஓபரா. பேராசிரியர் டாக்டரின் காதோரம் சாய்ந்து கதையைச் சொன்னார்.

மலை எல்லையில் ஒரு காவல் கோபுரம். காவல்காரனின் மகள் கணவாயில் நின்று பாடினால் எதிர்மலை திருப்பிப் பாடும். அவள் காதலன் பனியில் வழி தவறும்போதெல்லாம் அந்த எதிரொலியைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேருவான். மலையில் வாழும் ஆவிக்கு அந்த எதிரொலிமேல் ஒரு கண். காதலன் பனிச்சரிவில் சிக்கும்போது, எதிரொலியைக் கொடு, அவனை விட்டுவிடுகிறேன் என்று பேரம் பேசுகிறது. அவளும் கொடுத்துவிடுகிறாள். காதலன் பிழைத்து வருகிறான். ஆனால் இப்போது அவள் பாடினால் மலை வாய் திறப்பதில்லை. எதிரொலி இல்லாதவள் பேய் என்பது அந்த ஊர் நம்பிக்கை. காதலனே அவளை விரட்டுகிறான். மூன்றாம் அங்கம் முழுக்க அவள் பாடிக்கொண்டே சாகிறாள். செத்த பிறகு எதிரொலி மட்டும் திரும்பி வருகிறது.

"அவ்வளவு நேரம் சாகிறவளை ஒரு டாக்டர்கூட வந்து பார்க்க மாட்டாரா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"உஷ்," என்றாள் அக்கா.

திரை விலகியது. மலை இருக்க வேண்டிய இடத்தில் துணி துவைக்கும் மெஷின்கள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. இந்தத் தயாரிப்பின் இயக்குநர் கதையை அப்படியே தூக்கி ஒரு வீட்டுச் சாதனக் கடைக்குள் போட்டிருந்தார். கோபுரத்துக் காவல்காரன், கடைவாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி. மலை ஆவி, இடுப்புவரை நரைத்த தாடியோடு கோட்டு போட்ட விற்பனை மேலாளர். பனிச்சரிவு, கதவு திறந்துகொண்ட மெஷின்களிலிருந்து பொங்கி வழியும் சோப்பு நுரை.

"மலை எங்கடா?" என்றாள் அக்கா.

"அதோ, அடுக்கி வெச்சிருக்காங்களே."

"சுழற்சி, மேடம்!" என்றார் பேராசிரியர். கண்கள் பளபளத்தன. "விதி சுழலுது. மனுஷனைப் போட்டுத் துவைக்குது, பிழியுது."

"அலசக் காணோமே," என்றாள் அக்கா.

பல் டாக்டருக்கு மலையும் ஒன்றுதான், மெஷினும் ஒன்றுதான். அவர் கண் வேறு இடத்தில் நின்றுவிட்டது. படம் பிடித்தவருக்கு நெருக்கக் காட்சி என்றால் உயிர் போலும். யாராவது பாட வாயைத் திறந்தால் போதும், காமிரா உள்ளே குதித்துவிடும்போல நெருங்கியது. சுவரளவு திரை. அதில் கதவளவு வாய். பிழைப்புக்காக வாழ்நாள் முழுதும் மற்றவர் வாய்க்குள் எட்டிப் பார்த்த மனிதருக்கு, இப்படி ஒரு வெளிச்சத்தில், இப்படி ஒரு அளவில், ஆடாமல் அசையாமல் ஒரு வாய் கிடைத்ததே இல்லை. காதலனுக்குக் கீழ்வரிசை நெருக்கடி. செக்யூரிட்டி வெற்றிலையோ புகையோ, ஏதோ ஒன்றை விடவேண்டும். நாயகியாகப் பாடியவளுக்கு மேல்வரிசையில் இடது பக்கம், கோரைப்பல்லுக்கு அடுத்த இரண்டாவது பல்லில் கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை, போட்டிருந்தது. நல்ல வேலை. யார் கைவேலையோ, நிறம்கூடப் பிசகவில்லை.

இரண்டாம் அங்கத்தில் பேரம் நடந்தது. மூலக் கதையில் ஆவி கொடுக்கும் பனிக்கட்டியை அவள் விழுங்க வேண்டுமாம். இங்கே மேலாளர் மேஜைமேல் வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து ஒரு டாபியை எடுத்து நீட்டினார்.

"வேண்டாம்மா," என்றார் பல் டாக்டர் வாய்விட்டு.

அக்கா திரும்பிப் பார்த்தாள். தம்பிக்கு ரசனை வந்துவிட்டது என்று நினைத்து லேசாகச் சிரித்தாள்.

நாயகி டாபியை வாயில் போட்டு மென்றாள். முகம் ஒரு கணம் கோணியது. விரலை வாய்க்குக் கொண்டுபோனாள், கையை மூடிக்கொண்டாள். அடுத்த பாட்டுக்கு வாயைத் திறந்தபோது கேப் இருந்த இடத்தில் குட்டையாக, மஞ்சளாக, செதுக்கிய மொட்டைப் பல் நின்றது.

பல் டாக்டர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மூடி போன பல்லில் காற்றுப் பட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். வீரம் பேசி வந்த மல்யுத்தக்காரன் ஒருவன் அந்த வலியில் அவர் சட்டையைக் கிழித்திருக்கிறான். இவளோ ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அறையே காலியாகும்படி மூச்சை உள்ளே இழுத்தாள். இழுத்து, எதிரொலியைக் கொடுத்துவிட்ட துக்கத்தைப் பாடினாள். குரல் நடுங்கியது, கண்ணில் நீர் கோத்தது. டாக்டருக்கும் கோத்தது. பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

மூன்றாம் அங்கத்தில் அழுகை நின்றுபோயிற்று. கேப் மறுபடியும் இருந்தது.

அவர் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். இருந்தது. நாயகி இடது கன்னத்தில் கைவைத்தபடியே பாடினாள். காதலன் கடைசியாக முத்தமிட நெருங்கியபோது வெடுக்கென்று முகத்தைத் திருப்பி வலது கன்னத்தைக் கொடுத்தாள். ஆவியின் தாடி வேறு ஒரு பக்கம் பிய்ந்து, காதிலிருந்து தோள்வரை தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆகா! அதிகாரம் உரிஞ்சு தொங்குது பார்த்தீங்களா?" என்று பேராசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். "எதிரொலியைத் திருடினவனுக்கே முகம் பாதி போயிடுச்சு. இதைவிட நுட்பமா யாராலயும் சொல்ல முடியாது!"

விளக்கைப் போட்டதும் அக்கா தீர்ப்புச் சொன்னாள். "குரல் பரவாயில்லை. மத்ததெல்லாம் குப்பை. உயிரைக் கொடுத்துக் காப்பாத்தினவனுக்கு முத்தம் கொடுக்க முகத்தைத் திருப்புறா, அது என்ன நடிப்பு? என் ஓட்டு இல்லை."

"என் ஓட்டு இதுக்குத்தான்," என்றார் பேராசிரியர். "அந்தத் தாடிக்காகவே கொடுக்கணும்."

"தம்பி, பரிசு வேண்டாம்னு கையைத் தூக்கு."

தம்பி தூக்கவில்லை. அக்கா மறுபடியும் சொன்னாள். அவர் கை மடியிலேயே கிடந்தது.

"அக்கா, மேடையில ஒரே தடவை நடந்ததை அப்படியே படம் பிடிச்சிருக்கணும், வெட்டி ஒட்டக் கூடாதுன்னு விதி இருக்குல்ல?"

"இருக்கு. நான் எழுதினதுதான்."

"ரெண்டாவது அங்கத்துல அந்தம்மா பல்லுல கேப் கழண்டு போச்சு. மூணாவதுல திரும்ப இருக்கு. நடுவுல இடைவேளைதான். அதுக்குள்ள யாரும் அதைச் சரிபண்ணியிருக்க முடியாது. மூணாவது அங்கம் வேற நாள் எடுத்தது."

பேராசிரியர் வாயைப் பிளந்தார். அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "ஜெர்மன் ஓபரா பார்க்கச் சொன்னா பல்லை எண்ணிட்டு வந்திருக்கியாடா?"

"ஆனா அக்கா, பல்லு போன வலியோட பாடினாங்களே, அது மாதிரி நான் பார்த்ததே இல்லை. அதுக்குப் பரிசு கொடுக்கணும். மூணாவது அங்கத்துக்காகத் தள்ளுபடியும் பண்ணணும். என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை."

விதி என்று வந்துவிட்டால் அக்கா தன்னையே விசாரிப்பாள். படத்தைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தாள். மொட்டைப் பல் சுவரில் ஆளுயரத்துக்கு நின்றது. உடனே இயக்குநருக்குப் போன் போட்டு, நாயகியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

அவர்கள் பக்கத்து நகரத்திலிருந்து மறுநாளே வந்துவிட்டார்கள். இயக்குநர் சதா ஜலதோஷம் பிடித்தவர்போல மூக்கை உறிஞ்சும் மனிதர். பாடகி நல்ல உயரம், அகன்ற தோள். கூடவே மலை ஆவியாகப் பாடியவரும் வந்திருந்தார். தாடி இல்லாமல் பார்த்தால் சாதுவான வட்ட முகம்.

"பல் போனது வேணும்னே பண்ணது," என்றார் இயக்குநர், உட்காருவதற்கு முன்பே. "எதிரொலியை இழந்தவளுக்கு உடம்பிலயும் ஒரு இழப்பு காட்டணும்னு நினைச்சேன். மஞ்சள் சாயம் பூசினோம்."

"அது சாயம் இல்லை," என்றார் பல் டாக்டர். "செதுக்கின பல்."

"செதுக்கினதும் வேணும்னே பண்ணதுதான்."

"உங்களுக்கு அந்த விஷயமே தெரியாது!" என்று பாடகி வெடித்தாள். பக்கத்தில் இருந்த கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது. "நேத்து மேடம் போன் பண்ணப்பறம்தானே என்கிட்ட வந்து, உனக்குப் பல்லு போச்சான்னு கேட்டீங்க?"

"மேடம், ஒரு படைப்பாளி தனக்கே தெரியாம வேணும்னே பண்றது நிறைய இருக்கு," என்றார் இயக்குநர். பேராசிரியர் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டினார்.

"மூணாவது அங்கமும் அன்னைக்கு நடந்ததுதான்," என்றாள் பாடகி. "இடைவேளையில நானே ஒட்டிக்கிட்டேன்."

"எதை வெச்சும்மா ஒட்டுனீங்க?"

அவள் மலை ஆவியைப் பார்த்தாள். ஆவி தரையைப் பார்த்தது. "அது... கோந்து மாதிரி ஒண்ணு."

"அப்போ பார்த்துடலாம்," என்றார் பல் டாக்டர். "கிளினிக் அடுத்த தெருதான்."

பாடகியின் முகம் வெளிறிவிட்டது. ஆயிரம் பேர் முன்னால் கை நடுங்காமல் சாகிறவளுக்குப் பல் டாக்டர் நாற்காலி என்றால் சிம்ம சொப்பனமாம். அதனால்தான் இத்தனை நாளும் அந்தக் கேப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகவே மென்று காலம் தள்ளியிருக்கிறாள். ஆவி அவள் கையைப் பிடித்து, "நான் பக்கத்துலயே நிக்கிறேன்," என்றார். அப்போதுதான் இருவரும் கணவன் மனைவி என்பது மற்றவர்களுக்குப் புரிந்தது.

கிளினிக்கில், கன்னம் பந்தாக வீங்கிய ஒருவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். இத்தனை பேர் ஒரு வாயைப் பார்க்க நுழைவதைக் கண்டதும், உள்ளே ஏதோ பெரிய அறுவைச் சிகிச்சை என்று நினைத்து நடுங்கிப்போனார். பாடகி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். டாக்டர் தலைக்கு மேலிருந்த விளக்கை இழுத்தார். ஒருபுறம் அக்கா, ஒருபுறம் பேராசிரியர், கால்மாட்டில் இயக்குநர், கையைப் பிடித்தபடி மலை ஆவி. டாக்டர் கருவியால் கேப்பின் ஓரத்தை லேசாக நெம்பினார். அது பிசுபிசுவென்று இழுபட்டு, ஒரு நூலோடு வெளியே வந்தது.

நூல் இல்லை. மயிர். நீளமான, நரைத்த மயிர்.

டாக்டர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்தார். பிசின் வாடை குப்பென்று வந்தது.

"தாடி ஒட்டுற பசை," என்றார் ஆவி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போல. "அன்னைக்குப் பசை பாட்டில்ல ஒரு சொட்டு இல்லை. இவ அழுதுட்டு நிக்கிறா. நான் என் தாடியில ஒரு பக்கத்தைப் பிய்ச்சு, அதுல இருந்த பசையைச் சுரண்டிக் கொடுத்தேன். அதான் எனக்குத் தாடி நிக்கலை."

அக்கா மெதுவாகத் திரும்பிப் பேராசிரியரைப் பார்த்தாள். பேராசிரியர் மேலே விளக்கைப் பார்த்தார்.

"கேட்டீங்களா சார்? உங்க அதிகாரம் உரிஞ்சு தொங்கின கதையை?"

"அதனால என்ன மேடம்?" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். "பசை இல்லாததால அதிகாரம் உரிஞ்சது. உலகத்துல எல்லா அதிகாரமும் அப்படித்தான் உரியுது."

"தாடி வேணும்னே பண்ணது," என்று ஆரம்பித்தார் இயக்குநர். ஆவி திரும்பிப் பார்த்த பார்வையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

பல் டாக்டர் மட்டும் வேறு நினைப்பில் இருந்தார். "ஆனா அம்மா, அந்த ரெண்டாவது அங்கத்துல... மூடி இல்லாத பல்லோட, அவ்வளவு மூச்சு இழுத்துப் பாடுனீங்களே. எவ்வளவு வலிச்சிருக்கும்! நான் பார்த்துட்டு அழுதுட்டேன்."

"வலியா?" என்றாள் பாடகி. "அதுல வேர் சிகிச்சை பண்ணி நரம்பை எடுத்து ரொம்ப வருஷம் ஆச்சு டாக்டர். மரக்கட்டை மாதிரி இருக்கும், ஒண்ணுமே தெரியாது."

டாக்டர் குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். உண்மைதான். செத்த பல்.

"அப்போ அந்த அழுகை?"

"அது பாட்டு," என்றாள் அவள், இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல. "அந்த இடம் அப்படித்தான் பாடணும். மூணாவது அங்கத்துலதான் பாட்டே மனசுல ஓடலை. முத்தம் கொடுக்கிறப்போ கேப் கழண்டு காதலனா பாடினவர் வாய்க்குள்ள போயிடுமோன்னு ஒரே பயம்."

பல் டாக்டர் பின்னால் நகர்ந்து சுழல் ஸ்டூலில் உட்கார்ந்தார். சின்ன விஷயம்தான், ஆனால் ஆளைப் போட்டு உலுக்கிவிட்டது. நேற்று ஒரு நாள் முழுக்க, அந்த மூவரில் பாட்டின் உள்ளே இருந்த நிஜத்தைப் பார்த்தவன் தான் ஒருவன்தான் என்று அவருக்கு ஒரு பெருமை இருந்தது. பேராசிரியர் தாடியில் விதியைப் பார்த்த மாதிரி அவர் பல்லில் வலியைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் கண்ணீர் வந்தது வந்ததுதானே? வலியே இல்லாத இடத்திலிருந்து அது எப்படி வந்தது? பல்லிலிருந்து வரவில்லை என்றால், காதுவழியாகத்தான் வந்திருக்க வேண்டும். இத்தனை வயதுக்கு அப்படி ஒன்று தனக்கு நடக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"சரி, வெட்டி ஒட்டலைங்கிறது ருசுவாயிடுச்சு," என்றாள் அக்கா. "இங்கேயே முடிச்சிடலாம். நான் வேண்டாங்கிறேன். சார் வேணுங்கிறார். பரிசு கொடுக்கலாம்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க."

பேராசிரியர் தூக்கினார். பல் டாக்டர் கையுறையோடு, அந்த மயிரையும் பிடித்தபடியே கையைத் தூக்கினார். கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டிய வீங்கிய கன்னக்காரர், தன் முறை எப்போது என்று கேட்பதற்காக, அவரும் தூக்கினார்.

"மூணு," என்று எண்ணிவிட்டாள் அக்கா. பிறகுதான் யார் என்று பார்த்தாள். "நீங்க யாரு?"

"டாக்டர் எப்போ பார்ப்பாருன்னு..."

"இவரைக் கழிச்சாலும் ரெண்டுக்கு ஒண்ணு, மேடம்," என்றார் பேராசிரியர்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "மெஷினை மலைன்னு காட்டினவனுக்கு நீ கையைத் தூக்குறியா? என்ன காரணம்?"

"காரணம் தெரியலை அக்கா. இருந்த காரணமும் இப்போ போயிடுச்சு. ஆனா கையை இறக்க மனசு வரலை."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். டாக்டர் அந்தக் கேப்பைச் சுத்தம் செய்து, முறையான பசை வைத்து, கடிக்கச் சொல்லி ஒட்டினார். பாடகி கண்ணை இறுக மூடிக்கொண்டு கணவனின் விரல்களை நசுக்கினாள். வலித்தது அவருக்குத்தான்.

பரிசளிப்பு ஒரு ஞாயிறு மாலை நடந்தது. பெரிய அரங்கம். மேடையேறிய இயக்குநர், இடைவேளையில் தாடியை உரிக்கலாம் என்ற யோசனை தனக்கு எப்படி ஒரு மழைநாளில் தோன்றியது என்று விளக்கினார். பேராசிரியர் முதல் வரிசையிலிருந்து கைதட்டினார். மலை ஆவி மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டு சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார்.

பல் டாக்டர் அவசரமாக ஒரு ஞானப்பல்லைப் பிடுங்கிவிட்டு வரவேண்டியிருந்ததால் தாமதமாக வந்து, கடைசி வரிசையில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார். பரிசைக் கொடுத்துவிட்டு அக்காவும் இறங்கி அங்கேயே வந்து சேர்ந்தாள். அன்றைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வந்து உட்கார்ந்தவள், தம்பி சட்டைக் காலர் மடங்கியிருந்ததைச் சரிசெய்தாள். சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

பாடகி பாட எழுந்தாள். அங்கிருந்து பார்த்தால் அவள் கட்டைவிரல் உயரம்தான். வாய் திறப்பதே தெரியவில்லை; பல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டாக்டருக்கு முதலில் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பாக இருந்தது. அப்புறம் குரல் வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து, இருட்டில் இத்தனை தலைகளைத் தாண்டி, நேராக வந்தது.

"இந்த இடத்துல மூச்சை விட்டுட்டா பாரு," என்று அக்கா கிசுகிசுத்தாள். "அடுத்த வரியில சுருதி—"

"அக்கா, கொஞ்சம் சும்மா இரு."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. அக்கா இருட்டில் அவர் பக்கம் திரும்பினாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மேடைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

பாட்டு முடிந்து அரங்கமே எழுந்து கைதட்டியது. டாக்டர் எழவில்லை. அக்காவும் எழவில்லை. கைதட்டல் அடங்கி, ஆட்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு கலையத் தொடங்கிய பிறகு, அவள் அவர் காதருகே குனிந்தாள்.

"இப்போ பேசலாமாடா?"

பல் டாக்டர் சற்று யோசித்தார்.